கம்பெனி மாறிய மாத்திரை

என் கணவரைப் போல ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லாத ஆள் ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில் அப்போது இல்லை. புற்றுநோய்க் கட்டி வந்து, இடது மார்பை எடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்ததிலிருந்து என் மாத்திரைகளெல்லாம் அவர் பொறுப்பு. அட்டையிலிருந்து பிரித்து எடுத்து, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் டம்ளரோடு கொண்டுவருவார். நான் விழுங்கி முடிக்கும்வரை நிற்பார். பார்க்க வந்தவர்கள் என் உடம்பை விசாரித்த நேரத்தைவிட அந்தக் கிண்ணத்தைப் பார்த்து உருகிய நேரம்தான் அதிகம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

இது தொண்ணூறுகளின் நடுவில். நான் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட். அப்பா காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகக் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், ஆபீஸில் நாள் முழுக்க விரலில் கன்னடம். அவர் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். எங்களுக்கு ஒரே பெண், அந்த வருஷம் செகண்ட் பி.யு.சி., அதாவது பிளஸ் டூ.

அறுவை முடிந்து, கரண்டு என்று எல்லோரும் சொல்கிற கதிர்வீச்சு வைத்து, தையல் எல்லாம் ஆறிய பிறகுதான் வலி ஆரம்பித்தது. அக்குளிலிருந்து முழங்கை வரைக்கும் உள்பக்கமாக ஒரு எரிச்சல். மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் அங்கே தடவியதைப் போல. ரவிக்கைத் துணி பட்டாலே உயிர் போகும். அறுத்த டாக்டரிடம் சொன்னால், காயம் ஆறிவிட்டதே, இனி வலிக்கக் காரணமே இல்லையே என்றார், நான் ஏதோ லீவு நீட்டிக்கப் பொய் சொல்வதைப் போல. வலிப்பதற்குக் காரணம் இருக்கிறதா என்று வலியைக் கேட்க வேண்டும், என்னைக் கேட்டால்?

வலியோடு மனமும் விழுந்துவிட்டது. பால் பொங்கினால் அழுகை, பொங்காவிட்டாலும் அழுகை. பாதி தலை வாரிக்கொண்டு, சீப்பைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். "தைரியமா இருங்க" என்று ஆபீஸ் தோழிகள் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தத் தைரியம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை.

அதே ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனியாக ஒரு லேடி டாக்டர் இருந்தார். அவர்தான் முதலில் என்னை நம்பியவர். அறுக்கும்போது நரம்பு அறுபட்டிருக்கும், அதனால் காயம் ஆறினாலும் நரம்பு வலியைச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினார். அதற்கு ஒரு மாத்திரை எழுதினார். மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரைதான், ஆனால் குறைந்த அளவில் கொடுத்தால் நரம்பு வலியையும் அடக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். "எரடக்கூ ஆகுத்தே, ஒந்தே மாத்ரே," இரண்டுக்கும் ஒரே மாத்திரை போதும், என்று கன்னடத்தில் சொல்லி இரண்டு விரலைக் காட்டி ஒரு விரலாக்கினார். வாய் வறளும், தூக்கம் தள்ளும், பொறுத்துக்கொள்ள வேண்டும், நீங்களாக மட்டும் நிறுத்தக் கூடாது என்றார். இதை எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னார். என் கணவர் எனக்கு முன்னால் தலையாட்டினார்.

சொன்னபடியே வாய் வறண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கன்னத்தில் கல்கண்டை அடக்கிக்கொண்டுதான் பேச முடியும். மலச்சிக்கல் பற்றி எழுதாமல் விடுகிறேன். ஆனால் சில வாரங்களில் எரிச்சல் சுருங்க ஆரம்பித்தது. ஆபீஸுக்குத் திரும்பிப் போனேன். ஒரு மத்தியானம், ஒரு பெரிய உத்தரவு முழுவதையும் நிறுத்தாமல் அடித்து முடித்த பிறகுதான் கை என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. இன்னொரு நாள் குளிக்கும்போது என்னையறியாமல் பாடியிருக்கிறேன். மகள் கதவைத் தட்டி, "அம்மா, நீயா?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த பயம் கலந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. எனக்கு என் உடம்பும் மனசும் திரும்பக் கிடைத்திருந்தன.

அடுத்து நடந்ததெல்லாம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. படிப்பவர்கள் குழம்ப வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீராம்புரத்தில் வழக்கமாக மருந்து வாங்குகிற கடையில், தெரிந்த கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, "சார், இது டிப்ரஷனுக்குக் குடுக்கறதாச்சே, வீட்ல யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார். இவர் கூசிப்போய், கூட வேலை செய்கிறவருக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. இரண்டு பஸ் மாறி, அவருடைய அக்கா வீடு இருக்கும் நீலசந்திராவுக்குப் போய் வாங்கியிருக்கிறார். அங்கே அக்கா கண்ணில் அட்டை பட்டது. பக்கத்து வீட்டு நர்ஸிடம் விசாரித்துவிட்டுத் தன் தம்பியை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். மென்டலுக்குக் கொடுக்கிற மாத்திரையை வீட்டில் வைத்துக்கொண்டு நாளைக்குப் பெண்ணுக்கு எப்படி வரன் பார்ப்பாய் என்று கேட்டிருக்கிறார்.

அக்காவை மட்டும் சொல்லி என்ன பயன். எங்கள் ஜனங்களின் கணக்கே அது. கேன்சர் என்று சொன்னால் ஆப்பிளும் ஆரஞ்சும் வீடு தேடி வரும். மனசு சரியில்லை என்று சொன்னால் வரன் வராது.

ஒரு காலையில் கிண்ணத்தில் மாத்திரை கொஞ்சம் வேறு மஞ்சளாக இருந்தது. "இன்னாங்க, கலர் வேற மாதிரி இருக்கே?" என்றேன்.

"கம்பெனி மாறியிருக்கும்மா. மருந்து அதேதான்," என்றார். வழக்கம்போல நான் விழுங்கும்வரை நின்றார்.

அது இரத்தம் ஊறுவதற்குக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற மாத்திரை. அதை நம்பி விழுங்கினேன். வாய் வறட்சி போய்விட்டது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதை அவரிடமே சொன்னேன், அவரும் சந்தோஷப்பட்டார். அப்புறம் தூக்கம் போயிற்று. வயிறு குமட்டியது. ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது அக்குளில் அந்தப் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. வாரம் திரும்புவதற்குள் முழுக் கையையும் பிடித்துக்கொண்டது.

மாத்திரை சாப்பிட்டும் வலித்தால் என்ன அர்த்தம்? எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. நோய் திரும்பிவிட்டது. எலும்புக்குப் போய்விட்டது. எங்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கும் அப்படித்தான் கையில் ஆரம்பித்தது.

வலிக்கான அந்த லேடி டாக்டரிடமே போனோம். அவர் கையை அமுக்கிப் பார்த்தார், தோளைப் பார்த்தார், முகம் மாறியது. "மாத்திரை சரியா எடுத்துக்கறீங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பக்கத்து நாற்காலியிலிருந்து என் கணவர் பதில் சொன்னார்.

"ஒரு நாள் தவறாம குடுக்கறேன் டாக்டர். என் கையாலதான் குடுக்கறேன்."

டாக்டர் அவரை மெச்சுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அப்படியானால் எலும்பு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று எழுதினார். "ஹெதர்பேடி," பயப்படாதீர்கள், என்று என் தோளைத் தட்டினார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

ஸ்கேனுக்கு நாள் கிடைக்கும்வரை நான் செத்துக்கொண்டிருந்தேன். மிகையில்லை, அப்படித்தான் இருந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, ரசத்துக்கு எப்போது புளி கரைக்க வேண்டும், அப்பாவுக்கு எந்தப் பருப்பு ஆகாது என்று சொல்லிக்கொடுத்தேன். என் வளையலைக் காட்டி இதை அழித்துச் செய்யாதே, அப்படியே போட்டுக்கொள் என்றேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு என் மடியில் படுத்து அழுதாள். என் கணவர் கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்து, ஐயோ இந்த மனுஷனை விட்டுவிட்டுப் போகிறேனே என்று அவருக்காகவும் அழுதேன். இன்றைக்கு நினைத்தால் அவருக்காக விட்ட அந்தக் கண்ணீரைத்தான் முதலில் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது.

ஊசி போட்டுக் காக்க வைத்து, அப்புறம் மெஷினுக்கு அடியில் அசையாமல் படுக்க வைத்தார்கள். படுத்திருந்தபோது சாமியிடம் பேரம் பேசினேன். பெண்ணின் கல்யாணம் வரைக்கும் விடு, அப்புறம் எடுத்துக்கொள் என்றேன்.

ரிப்போர்ட் வந்தது. எலும்பில் ஒன்றுமில்லை. டாக்டரும் குழம்பிப் போய், வலி மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்.

"எனக்குத் தெரியும்மா, ஒண்ணும் இருக்காதுன்னு."

"எப்படித் தெரியும்?"

சந்தோஷத்தில் அவருக்கு வாய் நிற்கவில்லை. "அந்த மாத்திரைய நான் நிறுத்தி நாளாச்சு. சத்து மாத்திரைதான் குடுத்துக்கிட்டிருந்தேன். வலி அதனாலதான் இருக்கும்னு மனசுல ஒரு நெனப்பு இருந்துச்சு. சொன்னா நீ கோவிச்சுக்குவேன்னு..." கடை, கடைக்காரர், அக்கா, வரன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி சாய்ந்துகொண்டார்.

"டாக்டர் கேட்டாங்களே, அப்ப ஏன் சொல்லல?"

"அவங்க முன்னாடி எப்படிம்மா சொல்றது? அசிங்கமா இருக்காது? நீ உள்ள படுத்திருந்தப்ப நானும் வெளியில வேண்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எதுக்கு வேண்டிக்கிட்டீங்க? உங்களுக்குத்தான் தெரியுமே."

ஆட்டோக்காரர் திரும்பி, "மேடம், லெஃப்டா, ஸ்ட்ரைட்டா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். தெருவே கேட்கக் கத்தினேன். என்னைச் சாகவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாயே என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினேன். சமைக்கவில்லை. மகள் நடுவில் நின்று, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு பேரையும் பார்த்தாள். அந்த வருஷம் அவள் கணக்கில் ஃபெயிலானாள்.

மறுநாள் நீலசந்திராவிலிருந்து அக்கா வந்தார். தம்பிக்கு முதலில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"அவன் குடிச்சானா, அடிச்சானா? குடும்ப மானத்துக்குத்தானே செஞ்சான். எவனாவது பொண்டாட்டிக்கு இப்படிக் கையில மாத்திரை குடுப்பானா? நீ இப்படிக் கத்தற பொண்ணே இல்லம்மா. உனக்கு மனசு சரியில்ல, அதான்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். கை எரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழுந்துபோய்க் கூடத்தில் தம்பியிடம் மெதுவாகப் பேசுவது கேட்டது. இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பஸ் ஏறியெல்லாம் போகவில்லை. ஸ்ரீராம்புரத்துப் பழைய கடைக்கே போய்ச் சீக்கிரம் திரும்பிவிட்டார். கையில் அந்த அட்டை. என் வலிக்கு வாங்கக் கூசிய மாத்திரையை என் கோபத்துக்கு வாங்கிவரக் கூசவில்லை.

ஒன்றைப் பிரித்துக் கிண்ணத்தில் போட்டு நீட்டினார். "இதப் போட்டுக்கோம்மா. கோவம் கொறையும்."

கிண்ணத்தை விட்டுவிட்டு அவர் கையிலிருந்த அட்டையை வாங்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்தேன். அதேதான். நானே ஒன்றைப் பிரித்து விழுங்கினேன். எனக்கு வலித்தது, வேறு வழியில்லை. அட்டையை என் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அது என்னிடம்தான் இருந்தது.

அவர் கூடத்துக்குப் போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது. "போட்டுக்கிட்டாக்கா. இனிமே சரியாயிடுவா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இனி நான் கோபப்பட்டால் மாத்திரை போதவில்லை என்பார்கள். கோபப்படாவிட்டால் மாத்திரை வேலை செய்கிறது என்பார்கள். எப்படியும் அந்தக் கோபம் எனக்குச் சொந்தமில்லை.

வலி அடங்க வாரக்கணக்கில் ஆயிற்று. கத்துவதை அன்று சாயங்காலமே விட்டுவிட்டேன், அவரோடு மனம்விட்டுப் பேசுவதையும் சேர்த்து. எல்லாம் அந்த மாத்திரையால்தான் என்று அவர் சாகும்வரை நம்பினார்.