தண்ணீர் எதுவரை வரும்?

நில வரைபடம் தயாரிப்பவனுக்கு முதல் தொல்லை நிலம்தான். நாம் வரைந்து முடிக்கும்வரை அது சும்மா இருக்காது. மேட்டுப்பாளையத்துக்குக் கிழக்கே, ஆறு அணைத் தேக்கத்துக்குள் நுழையும் இடத்தில் ஆண்டுதோறும் வண்டலைக் கொட்டிப் புதுத் திட்டுகளை உண்டாக்குகிறது. நீர் வற்றினால் அங்கே வாழை, நிறைந்தால் மீன். அதைப் படமாக்கப் போனவன் நான். முடித்த வேலையை மறுநாளே முதலிலிருந்து தொடங்கியவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

நீலத்துக்குள் இருவர்

பழைய வரைபடத்தின்படி நான் நின்ற இடம் ஆழமான தண்ணீர். சுற்றிலும் நேந்திரன் வாழை. தோட்டக்காரர் சரசக்காவிடம் படத்தை விரித்து, "நாம ரெண்டு பேரும் இந்த நீலத்துக்குள்ள நிக்கறோங்க" என்றேன். டீ டம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், முழுகிப்போனவங்க டீ குடிப்பாங்களாங்க?"

முளைக்குச்சி

அணை நிறைந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அளந்து, வெள்ளையடித்த முளைக்குச்சிகளை வரிசையாக அடித்தேன். ஒன்று சரசக்கா தோட்டத்தின் மேல் ஓரத்தில் விழுந்தது. அதாவது, தோட்டம் முழுவதும் முழுகும். குலை முற்ற இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் அந்தக் குச்சி தோட்டத்தின் கீழ் ஓரத்தில், ஆற்றுப் பக்கமாக நின்றது. யார் வேலை என்று கேட்டேன். சரசக்கா மறைக்கவே இல்லை.

"வாழைய நவுத்த முடியாதுங்க. குச்சிதானுங்களே, நான்தான் நவுத்திப்போட்டேன்."

எந்த நிறம்?

குச்சியைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே அடித்துவிட்டு, படத்தோடு பீளமேட்டு அலுவலகத்துக்குப் போனேன். "இது தோட்டமா, தண்ணியா? ஒண்ணைச் சொல்லுங்க" என்றார் மேலாளர். "எந்த மாசத்துலங்க?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

"படத்துக்கு மாசமெல்லாம் கெடையாதுங்க. மழை வர்றதுக்குள்ள பச்சையா நீலமான்னு முடிவு பண்ணுங்க."

வெட்டு

பத்தே நாளில் மலையில் பெருமழை. அணை மளமளவென்று ஏறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணீர் சரியாக என் குச்சியின் அடியில் வந்து நின்றது. கணக்குத் தப்பவில்லை, சந்தோஷப்படத்தான் முடியவில்லை. பிறகுதான் கவனித்தேன்: இடுப்பளவு நீரில் நின்ற வாழைகளில் ஒரு குலைகூட இல்லை. முந்தாநாளே எல்லாம் வண்டி ஏறிவிட்டதாம்.

"என் குச்சிய நம்பிட்டீங்களாக்கா?" என்றேன்.

"அதை ஆருங்க பாத்தா? நான் நவுத்துனதுக்குச் சத்தம் போடுவீங்கன்னு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லாம உங்க மொகம் தொங்கிப்போச்சு. அப்பவே வெட்டுக்கு ஆள் சொல்லிப்போட்டேனுங்க, சிப்ஸுக்காவது போகட்டும்னு."

இத்தனை வருடத்தில் நான் தயாரித்தவற்றுள் பிழையே இல்லாத வரைபடம் என் முகம்தான் போலிருக்கிறது.