மலர்விழியின் சங்கு

மலர்விழி சிஸ்டரிடம் பயிற்சிக்கு வருகிற நர்சுகள் முதல் நாள் சாயங்காலம் என் வண்டியில் ஏறியதும் அவரைத் திட்டுவார்கள். டிரைவர் குப்புராஜுக்குக் காது கேட்காது என்று நினைப்பு. பாப்பாரப்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் அறக்கட்டளை நடக்கிறது. இனி செய்ய ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிட்ட நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கிறோம். அப்படிக் கவனிக்க நர்சுகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறோம். சுவரில் கருணை, கனிவு என்று பெரிதாக எழுதியிருக்கும். சிஸ்டர் வாயைத் திறந்தால் இரண்டும் ஓடிப்போகும்.

குழந்தைக்குப் பால் புகட்டுகிற எவர்சில்வர் சங்கு ஒன்று அவர் பையில் எப்போதும் உண்டு. பயிற்சிக்கு வந்தவளைக் கட்டிலில் சாய்த்துப் படுக்கவைத்து, "வாயத் தொற. முழுங்கக் கூடாது" என்று சொல்லிச் சங்கில் தண்ணீரை ஊற்றுவார். புரையேறி, கண் சிவந்து, மூக்கில் தண்ணீர் ஒழுக அவள் எழுந்து உட்காருவாள்.

"சாவற மனுசனுக்கு முழுங்க வராது. சொந்தக்காரங்க கடைசிப் பாலு ஊத்தறப்ப இப்படித்தான் இருக்கும். நீ எந்திரிச்சிக்கிட்ட. அவங்களால எந்திரிக்க முடியாது."

போன மாதம் வந்த பிரியதர்ஷினி சங்கையே தட்டிவிட்டாள். "நீங்கல்லாம் நர்சா? ரவுடி," என்றாள். சிஸ்டர் கோபப்படவில்லை. குனிந்து சங்கை எடுத்து முந்தானையால் துடைத்து, "ரவுடிதான்," என்றார்.

உண்மைதான். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இடித்துக்கொண்டு நின்ற ஒருவனைக் குடை ஒடிகிற வரைக்கும் அடித்தவர் அவர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பத்து வருடம் ஐசியூவில் இருந்தார். அவருடைய அப்பா செத்த வருடம் அதை விட்டுவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு இங்கே வந்தார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஏரியூர்ப் பக்கம் முனியப்பன் என்கிற பெரியவருக்குத் தொண்டையில் புற்றுநோய். வலிக்கு மருந்து கொடுத்து அமைதியாகப் படுக்கவைத்திருந்தோம். விழுங்குவது நின்றுபோனதும், வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், உதட்டை நனைத்தால் போதும் என்று சிஸ்டர் மகன்களிடம் சொல்லிவிட்டு வந்தார். இருவரும் தலையாட்டினார்கள். மறுநாள் காலையிலேயே மருமகள் போன் செய்தாள். "மாமாவுக்கு நெஞ்சுல கொழகொழன்னு சத்தம் வருதுங்க சிஸ்டர்."

சிஸ்டரும் பிரியதர்ஷினியும் நானும் போய் இறங்கும்போது வாசலில் ரத்தம். மூத்தவன் மாரப்பனும் இளையவன் தமிழ்ச்செல்வனும் கிணற்றுத் தண்ணீருக்காக ஏழெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அன்றைக்குச் சண்டை கடைசிப் பாலை யார் ஊற்றுவது என்று. மாரப்பனுக்கு மண்டை உடைந்திருந்தது. தமிழ்ச்செல்வன் கையில் மம்மட்டிக் காம்பு. உள்ளே அப்பன் மூச்சுக்கு மூச்சு குமிழி விட்டுக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் நேராக நடுவில் போய் நின்றார். அண்ணனுக்கு ஓங்கிய காம்பு அவர் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து, ஒரு பல் மண்ணில் கிடந்தது. நான் தமிழ்ச்செல்வனைக் கீழே தள்ளி முகத்தில் குத்தினேன். குத்தியதற்கு இன்றுவரை வருத்தமில்லை.

அந்தச் சந்தடியில் மாரப்பன் பால் சங்கோடு உள்ளே போய்விட்டான். முன்னாலேயே உள்ளே போயிருந்த பிரியதர்ஷினி கட்டிலை மறைத்து நிற்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அவன் அவளைச் சுவரோடு மோதித் தள்ளினான்.

"நவுரு. உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்குது. பாலு எறங்குனாத்தான் அடங்கும்."

வாசலில் என் பிடிக்குள் கிடந்தபடியே தமிழ்ச்செல்வன் கத்தினான். "என்னா கலந்து வெச்சிருக்கானோ, குடிச்சுக் காட்டச் சொல்லுங்க."

பிரியதர்ஷினி தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "குடிச்சே காட்டுங்கண்ணா. அப்பா மாதிரியே படுத்துக்கிட்டு. நானே ஊத்தறேன், முழுங்காதீங்க."

விஷம் வைத்தான் என்று தம்பி சொல்வதைப் பொறுப்பானா? மாரப்பன் அப்பன் பக்கத்திலேயே மல்லாந்து படுத்து வாயைத் திறந்தான். அவள் ஊற்றினாள்.

மூக்கு வழியாகப் பால் வந்தது. கட்டிலை உதைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். மூச்சுக்குத் தவித்தபோது அவன் தொண்டையில் வந்த சத்தமும் அப்பன் நெஞ்சில் வந்த சத்தமும் ஒன்றாகவே இருந்தன. அவனுக்கே அது கேட்டது. சங்கையும் அப்பன் வாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நேத்து பொழுதெறங்குன நேரத்துல இருந்து ஊத்தறேனே. அப்பனுக்கும் இப்படித்தான் இருந்துச்சுங்களா?"

பிரியதர்ஷினி சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். குடும்பத்தாரிடம் பொய் சொல்லக் கூடாது, நோகடிக்கவும் கூடாது என்று வகுப்பில் படித்திருந்தாள். இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

சிஸ்டர் வாயில் துணியை அழுத்திக்கொண்டு உள்ளே வந்து மாரப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். "இருந்துச்சுங்க," என்றார். பிறகு தன் பையிலிருந்த சங்கை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "எங்கப்பாவுக்கு இதுலதான் ஊத்துனேன். மகதான் மொதல்ல ஊத்தணும்னு எல்லாரும் சுத்தி நின்னாங்க. பத்து வருசம் ஐசியூல இருந்தவ நான். என்ன ஆவும்னு தெரிஞ்சே ஊத்துனேன். நீங்க தெரியாம ஊத்தியிருக்கீங்க."

மாரப்பன் உடைந்த மண்டையிலேயே அடித்துக்கொண்டான். சிஸ்டர் அவன் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிரியதர்ஷினி பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கடைவாயில் பால் வழிந்தது, துடைத்தாள். மெல்ல மெல்லச் சத்தம் குறைந்தது. பஞ்சில் ஒரு துளி பால் தொட்டு மாரப்பனிடம் கொடுத்தாள். அவன் அப்பன் உதட்டில் ஒற்றிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சைத் தம்பி பக்கம் நீட்டினான். நான் பிடியை விட, தமிழ்ச்செல்வன் உள்ளே போய் வாங்கிக்கொண்டான். மத்தியானம் பெரியவர் அவஸ்தை இல்லாமல் போனார்.

வண்டியில் ஏறியதும் சிஸ்டர் பின்சீட்டில் சாய்ந்து, சங்கைப் பிரியதர்ஷினியிடம் நீட்டினார். "எத்தன பேருக்கு ஊத்தியிருக்கேன். ஒருத்தியும் எனக்கு ஊத்தல. ஊத்து."

பிரியதர்ஷினி சங்கை வாங்கிப் பைக்குள் போட்டாள். பஞ்சை நனைத்து, கிழிந்த உதட்டில் மெதுவாக ஒற்றினாள். சிஸ்டர் வாய்விட்டு அழுதார். அழுது முடிகிற வரைக்கும் நான் வண்டியை எடுக்கவில்லை.