நடவுப் பாட்டுக்கு ஒரு யுகுலேலே

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். சளி, சிறுநீர், மலம், சீழ் எல்லாம் என் மேசைக்கு வரும். எதற்கும் நான் முகம் சுளித்ததில்லை. அருவருப்பு என்ற ஒன்று எனக்குக் கிடையாது என்றே நினைத்திருந்தேன். ஒரு யுகுலேலே வாங்கக் கிளம்பிய பிறகுதான் அது பொய் என்று தெரிந்தது.

எனக்குக் கனத்த குரல். பள்ளியில் பிரார்த்தனைப் பாட்டுக்கு ஆள் எடுத்தபோது, ஆம்பளக் குரல் என்று சொல்லி என்னை விட்டுவிட்டார்கள். அதனால் பாடாமல் இருந்துவிடவில்லை. அடுப்படியில் பாடுவேன், ஸ்கூட்டரில் போகும்போது பாடுவேன். நாச்சியாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் யாரோ என் கையில் மைக்கைத் திணித்து, செல்போனில் பாட்டின் இசையை மட்டும் ஓடவிட்டார்கள். அது உச்சத்தில் பாடுகிற ஒருத்திக்காகப் போட்ட இசை. இரண்டாவது வரியிலேயே என் குரல் கிழிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் வாயில் இருந்த பாயசம் தாடையில் வழிந்தது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

என் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே வந்து நிற்கிற ஒரு வாத்தியம் வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. கிடாரை வாங்கிப் பார்த்தேன், விரல் எட்டவில்லை. குட்டிக் கிடார் மாதிரி இருக்கிற யுகுலேலேவுக்கு நாலே கம்பிதான், மடியில் அடங்கிவிடும். இருப்பதிலேயே மலிவான ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன்.

பெட்டியைப் பிரித்ததும் பசை நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. நீல வண்ணம், அதன்மேல் டால்பின் படம். வண்ணம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. நடுத்துளைக்குள் எட்டிப் பார்த்தால், காய்ந்த பசை மூக்குச்சளி போலத் தொங்கியது. நாலாவது கம்பிக்குச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் முதல் கம்பி இறங்கியிருக்கும்.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அமராவதிபுதூரில் முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் அம்மா நடவுக்குப் போனவள். கட்டிலில் இருந்தபடியே, "என்னடி, செத்த எலி நாத்தம் அடிக்குது. அங்குட்டு வெளிய வையி" என்றாள். மறுநாளே திருப்பி அனுப்பினேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் அந்த நாற்றம் போகவில்லை.

எங்கள் கூடத்துக்கு மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க ஒருவர் வருவார். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள், அதில் மேனேஜர். ரத்தம் எடுக்கும்போது பேச்சு வாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன்.

"அட, எங்க ஹோட்டல்ல ஒண்ணு சும்மா கெடக்குதே. தங்க வந்த வெளிநாட்டுக்காரம்மா விட்டுட்டுப் போயிட்டாக. நீங்க நல்லாப் பாடுவீகளாமே, வந்து பாருங்க" என்றார்.

போனேன். மெழுகு பூசிய பழுப்பு மரம். விரலைப் பட்டும் படாமலும் வைத்தாலே நாதம் வந்தது. மடியில் வைத்தபிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. அதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"வெலையெல்லாம் வேணாம். ஒரு சாயங்காலம் வந்து விருந்தாளிகளுக்குப் பாடிட்டு எடுத்துட்டுப் போங்க. பழைய பாட்டா இருக்கணும்."

அம்மாவின் நடவுப் பாட்டில் இரண்டு வரி பாடிக் காட்டினேன். "இதுதான். இதையே மெதுவா, தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடுங்க" என்றார்.

"இது தாலாட்டு இல்லீங்க. நடவுப் பாட்டு."

"அவுகளுக்கு என்ன தெரியப் போகுது?"

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. யுகுலேலேவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிக்கொள்ளக் கேட்டேன், கொடுத்தார். கம்பியில் விரல் வைக்கிற மூன்று பிடிகள் கற்றுக்கொண்டு, இரண்டு வாரம் கழித்துப் போனேன்.

ஹோட்டல் அலமாரியிலிருந்து ஒரு கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கொடுத்தார்கள். எத்தனை பேர் கட்டி அவிழ்த்ததோ, மடிப்புக்குள் பழைய வியர்வையும் சென்ட்டும் கலந்து வீசின. கவரிங் மாலை கழுத்தில் பிசுபிசுத்தது. ஊஞ்சலில் உட்காரவைத்தார்கள். மேனேஜர் ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் புரிகிற அளவுக்கான ஆங்கிலம்தான். இவர்கள் இந்தச் செட்டியார் வீட்டு ஆச்சி, கணவர்கள் வியாபாரத்துக்காகப் பர்மாவுக்குப் போன காலத்தில் இந்த வீட்டுப் பெண்கள் பாடிய தாலாட்டு இது என்றார்.

நான் பாடினேன். இடுப்பு ஒடிகிறது, காலில் அட்டை கடிக்கிறது, வரப்பில் குடை பிடித்து நிற்கிறவன் குடி விளங்குமா என்று கேட்கிற பாட்டு. அதை மெல்ல, இனிக்க இனிக்கப் பாடினேன். முன்வரிசையில் ஒருவர் சுக்கா வறுவலின் எலும்பைச் சப்பிக்கொண்டே தலையை ஆட்டினார். முடிந்ததும் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி கண்ணீரோடு வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டு, பிரிந்து போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை. உண்மையாகவே அழுதவர். நான் ஆட்டிய அந்தத் தலையை நினைத்தால்தான் இன்றும் வாய் கசக்கிறது. மேனேஜர் பொய் சொன்னார், சரி. என்னை யார் ஆமாம் போடச் சொன்னது?

யுகுலேலே எனக்கே சொந்தமாகி வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் உறையைவிட்டு எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுப் பெண் செல்போனோடு வந்து அம்மாவிடம் வீடியோவைக் காட்டினாள். ஹோட்டல்காரர்கள் போட்டது. ஆச்சியின் தாலாட்டு என்று கீழே எழுதியிருந்தது.

அவள் போனதும் அம்மா கேட்டாள்: "நீ ஏண்டி ஆச்சி வேஷங் கட்டியிருக்க?"

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"முட்டி வரைக்கும் சேத்துல நின்னுக்கிட்டு, வயிறு எரிஞ்சு பாடுனது. அதப் பாடிப் புள்ளையத் தூங்க வச்சீகளாக்கும்" என்றாள். என்னைப் பார்த்து மரியாதையாகப் பேசியதுதான் சுருக்கென்றது.

மறுநாள் கண்டனூருக்குப் போய் யுகுலேலேவைக் கொடுத்துவிட்டு, வீடியோவை எடுக்கச் சொன்னேன். "நல்லாத்தானே ஓடுது" என்றார் மேனேஜர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வீடியோவின் கீழே எழுதினேன்: இது அமராவதிபுதூர் நடவுப் பாட்டு, பாடியவர் ஆச்சி இல்லை, லேப் டெக்னீஷியன். அதை அழித்தார்கள். மறுபடி எழுதினேன். நாலாவது தடவை வீடியோவே காணாமல் போனது. அந்த ஆள் இப்போது சர்க்கரை பார்க்க வேறு எங்கோ போகிறார்.

ஆறேழு மாதம் கழித்து மதுரையில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்குக் கடுமையான ஜலதோஷம். கையில் மூக்கைச் சிந்தி, வேட்டியில் துடைத்துவிட்டு, அதே கையால் யுகுலேலேவை எடுத்து நீட்டினார். நான் கைப்பையிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்தேன்.

"ஸ்பிரிட் போட்டா வார்னிஷ் போயிரும்மா. தண்ணியில தொடைங்க" என்றார், கோபமே இல்லாமல்.

ஆனால் அவருக்குக் காது இருந்தது. என்னை ஒரு பாட்டு பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, கையில் கொடுத்த சின்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இது கீச்சுக் குரலுக்குத்தான் சரிப்படும். உங்களுக்கு அடியில தாங்கணும்" என்று, அதைவிட ஒரு அளவு பெரியதை எடுத்து, நாலாவது கம்பியைக் கழற்றித் தடித்த கம்பியாகப் போட்டார். மீட்டியதும் என் குரலுக்குக் கீழே ஒரு தரை விழுந்த மாதிரி இருந்தது. வாத்தியக் கழுத்தின் நடுவில் கம்பியை அழுத்தியும் சுருதி விலகவில்லை. மரமும் சுமார்தான், ஓரத்தில் ஒரு கீறல் வேறு. அதையே எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது இன்னொரு முறை துடைத்தேன்.

அந்த நடவுப் பாட்டை நெடுநாள் தொடவில்லை. எடுக்கும்போதெல்லாம் ஹோட்டலில் இழுத்துப் பாடிய அந்த ராகமே நாக்கில் வந்து நின்றது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து பாடினேன். அம்மா கட்டிலில் இருந்தபடி கேட்டுவிட்டு, "இந்த வேகத்துல போனா நாத்து கையிலயே காஞ்சு போயிரும்" என்றாள்.

வேகத்தைக் கூட்டினேன். "இன்னும்" என்றாள். கூட்டினேன். அவளும் கூடவே பாட ஆரம்பித்தாள். என் விரல் தடுமாறிப் பிடி தவறியது. அவள் நிற்கவில்லை. குடைக்காரனைத் திட்டுகிற இடம் வந்தபோது எனக்குத் தெரியாத ஒரு வரியையும் சேர்த்துப் பாடினாள். அச்சில் ஏற்ற முடியாத வசவு அது.