நான் எடுத்துக் கொடுத்த மோட்டார் சைக்கிள்

போன மாதம் என் பேரன் செல்பேசியில் இரண்டு மோட்டார் சைக்கிள்களின் படங்களைக் காட்டி, "தாத்தா, ரெண்டும் ஒரே வெலைதான். எத எடுக்கலாம்னு நீங்க சொல்லுங்க" என்றான். வேலைக்குச் சேர்ந்து அவன் வாங்கப்போகும் முதல் வண்டி. இரண்டுமே ரேஸில் ஓடுகிற வண்டிகளைப் போல முன்பக்கம் குனிந்து நின்றன. ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. மாத்திரை போட வேண்டும் என்று சொல்லி நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். ஒருவனுடைய முதல் வண்டியை நான் ஏற்கெனவே ஒரு முறை தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. சிவகாசியில் எங்களுக்கு ஓர் அச்சகம் இருந்தது. பட்டாசுப் பெட்டிகளுக்கும் தீப்பெட்டிகளுக்கும் லேபிள் அடிப்போம். அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். கல்லூரிப் படிப்பில் இரண்டு முறை தோற்றுவிட்டு அச்சகத்துக்கு வந்தவன். நான் வகுப்பில் முதல் மாணவன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. என் மதிப்பெண் அட்டையை அப்பா கையெழுத்துப் போட்ட மையின் ஈரம் காயும் முன்பே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அண்ணன் பழுதான அச்சு இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றால், அவன் முதுகையே பார்த்தபடி அரை மணி நேரம் நிற்பார். அம்மா மீன் குழம்பு வைத்தால் தலை அவனுக்கு. லேபிள் எண்ணி அடுக்கும் பெண்கள் அவன் அந்தப் பக்கம் போனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். நான் போனால் ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். எனக்குப் பொறாமை என்ற சொல் தெரியும்; அதற்கு எதிர்ச்சொல்லும் தெரியும். எனக்குள் இருப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்று தெரியாது.

வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் மாதிரிகளைக் காட்டி ஆர்டர் பிடிக்க அண்ணனுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. புது வண்டிக்குப் பதிவு செய்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். மதுரையில் ஒரு மில் முதலாளியின் மகன், பந்தயங்களில் ஓட்டுகிறவன், வெளிநாடு போகிறான் என்றும் தன் இரண்டு வண்டிகளையும் விற்கிறான் என்றும் காகித வியாபாரி ஒருவர் சொன்னார். அப்பா, அண்ணன், நான் மூவரும் பேருந்தில் போனோம்.

ஒன்று சிவப்பு, ஒன்று கருப்பு. சிவப்பு மெலிந்தது. கைப்பிடி தாழ்ந்து, தொடைகள் பொருந்துவதற்குப் பெட்ரோல் தொட்டியின் இருபுறமும் குழி விழுந்திருக்கும். கருப்புக்கும் அதே வேகம் உண்டு என்றார்கள். ஆனால் கனத்த வண்டி, இருபுறமும் புகைக்குழாய், அகலமான இருக்கை. அண்ணன் கருப்பில் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தான். நல்ல வண்டி என்றான். பிறகு சிவப்பில் ஏறினான். அந்த முதலாளியின் பங்களாவைச் சுற்றி மூன்று முறை வந்தான். மூன்றாவது முறை வளைவில் வண்டியோடு சேர்ந்து அவனும் சாய்ந்து, மண்ணைத் தொடுவதுபோல் வந்து நிமிர்ந்தான். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே என் தோளில் கை வைத்தார். அந்தக் கையும் அவனுக்காக வைத்ததுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஊர் திரும்பியதும் சண்டை ஆரம்பித்தது.

"ரேசுக்கா போகப் போற? லேபிள் கட்டுக் கொண்டு போகணும்லே. கருப்புதான் பாரம் தாங்கும்" என்றார் அப்பா.

"செவப்பும் தாங்கும்ப்பா."

"தாங்கும். மாசத்துக்கு ஒருக்கா அக்கக்காக் கழட்டி மாட்டணும்னு விக்கிற தம்பியே சொல்லுதாரு. யாரு கழட்டுவா?"

"நான் கழட்டுவேன்."

வண்டியைப் பற்றிய பேச்சு அந்த இடத்தில் வேறாகிவிட்டது. விருதுநகரில் சாலையோரமாக ஒரு மோட்டார் பட்டறை வைக்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. மூத்த மகன் அச்சகத்தில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. சிவப்பு வீட்டுக்கு வந்தால் அதன் பின்னாலேயே ஸ்பானரும் எண்ணெய்த் துணியும் பட்டறையும் வரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. நான்கு நாள் ஒருவரோடொருவர் பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட என் மூலமாகத்தான் கேட்டார்கள்.

அம்மா பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு, "ஏங்க, ரெண்டு பேரும் இப்பிடி மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்சா வீடு வெளங்குமா? கருப்பசாமி கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றாள்.

எங்களில் பெரிய காரியம் எதுவானாலும் குலதெய்வத்திடம் இப்படிக் கேட்பது வழக்கம். இரண்டு நிறப் பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, வீட்டில் சின்ன பிள்ளையைக் குளிக்க வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பிள்ளைக் கையில் கள்ளம் இருக்காது என்பது நம்பிக்கை. சிவப்பு வண்டிக்குச் சிவப்பு அரளி என்று முடிவாயிற்று.

"கருப்புப் பூவுக்கு எங்கன போக?" என்றான் அண்ணன். நான்கு நாளுக்குப் பிறகு அப்பாவிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வெள்ளப் பூ போதும்" என்றார் அப்பா. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "சாமி செவப்புன்னு சொல்லிட்டா நான் குறுக்க நிக்கல. பட்டறையே வச்சிக்கோ" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் என்னை அச்சகத்தின் பின்பக்கம் கழிவுத்தாள் குவித்திருந்த இடத்துக்குக் கூட்டிப்போனான். அச்சுத்தாளின் ஓரத்தில், நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுகின்றனவா என்று பார்ப்பதற்குக் கடுகளவில் ஒரு கூட்டல் குறி இருக்கும். லேபிளை வெட்டும்போது அது கழிவோடு போய்விடும். அப்படி ஒரு குறி இருக்கும்படி ஒரு துண்டும், குறியில்லாமல் ஒரு துண்டும் வெட்டி வைத்திருந்தான்.

"ஏலே, அம்மா இதுலதான் பூவக் கட்டுவா. குறி உள்ளதுல செவப்புப் பூவ வைக்கிற மாதிரி நான் எடுத்துக் குடுத்துருவேன். நீ குறியப் பாத்து எடு. வெளங்குதா?"

"சாமிக்குத் தெரியாதாண்ணே?"

"சாமிக்கு ஆயிரம் சோலி கெடக்கும்லே. நாமளும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த ஒண்ணு மட்டும் எனக்குச் செஞ்சு குடுலே. பெறகு உங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றான். அவன் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் முறை. எனக்கு அது பிடித்திருந்தது. சரி என்று தலையாட்டினேன். அப்போது ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. இதை என்னை நல்லவனாகக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை; எந்த நொடியில் மாறினேன் என்பதைச் சரியாகச் சொல்ல நினைக்கிறேன்.

கோயில் வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு கண்மாய்க் கரையில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை. ஈரத் தலையோடு, இடுப்பில் துண்டோடு நான் நின்றேன். பூசாரி பொட்டலங்களைத் தாம்பாளத்தில் போட்டுக் குலுக்கிச் சாமியின் காலடியில் வைத்தார். குறி என் கண்ணுக்கு உடனே தெரிந்தது. அப்பாவின் கண்ணுக்கும் தப்பாத குறிதான். ஆனால் சாமி முன்னால் நின்றால் அவர் கடைசிவரை கண்ணைத் திறக்க மாட்டார்.

கையை நீட்டினேன். நீட்டியபடி அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. காரியம் முடிந்துவிட்டது என்கிற நிம்மதியில், உதட்டோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவும் அவனைப் பார்த்துத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. மதுரையில் அந்த வளைவில் அவன் சாய்ந்து நிமிர்ந்ததும் அப்பா சிரித்ததும் நினைவுக்கு வந்தன. இனி தினமும் தெருவில் அப்படிச் சாய்ந்து நிமிர்வான். ஊரே பார்க்கும். எனக்கு அந்த வண்டி வேண்டாம். அவனுக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் நினைத்தேன்.

குறியில்லாத பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தேன்.

நூலைப் பிரித்ததும் வெள்ளை அரளி விழுந்தது. அம்மா குலவையிட்டாள். "கருப்பன்கிட்ட வந்து கேட்டா கருப்பத்தானய்யா குடுப்பான்!" என்று பூசாரி சொல்ல, அப்பா கண்ணைத் திறந்து தரையில் விழுந்து கும்பிட்டார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாது. ஏமாற்று நடந்தது என்று சொன்னால், யார் செய்த ஏமாற்று என்று சொல்ல வேண்டும்.

பொங்கல் பானை கொதிக்கும்போது என்னைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போனான்.

"குறி இல்லையாலே?"

"இருந்துச்சுண்ணே."

"பெறகு?"

அவன் கையைப் பார்த்தேன். அடி விழும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில், "அதத்தாண்ணே எடுக்கப் போனேன். யாரோ என் கையப் புடிச்சு இந்தப் பக்கம் இழுத்த மாதிரி இருந்துச்சு" என்றேன்.

அவன் முகத்தில் இருந்த கோபம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. "இழுத்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்றேன். "வலது கையவா?" ஆமாம் என்றேன். கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அடுத்த வாரம் யாரிடமும் காரணம் சொல்லாமல் தனியாகப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

பொட்டலத்தை மாற்றி எடுத்தது பொறாமை. பதினொரு வயதுப் பொறாமையை யாராவது மன்னித்துவிடலாம். கிணற்றடியில் சொன்ன பொய்யைத்தான் என்னால் இன்றுவரை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு பட்டறை என்ற சொல்லைச் சொன்னதில்லை. அப்பா எதைச் சொன்னாலும் சரி என்றான். சாமி பையனைத் திருத்திவிட்டது என்று வீட்டில் பெருமை பேசினார்கள். நாற்பது வருடம் அந்த அச்சகத்தில் உட்கார்ந்திருந்தான். நான் படித்து, அரசு வேலை பார்த்து, சூலக்கரையில் வீடு கட்டிக்கொண்டேன். நான்கு வருடங்களுக்கு முன்னால், மருத்துவமனையில் அவனோடு தனியாக இருந்த ஒரு மத்தியானம், சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவனே, "அன்னிக்கு சாமி உன் கையப் புடிச்சு இழுக்கலேன்னா, அந்தச் செவப்பு வண்டில எங்கனயாவது முட்டிச் செத்துருப்பேன்ப்பா" என்றான். அவன் அப்படித்தான் தன் வாழ்க்கையைத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். என் மனம் லேசாக வேண்டும் என்பதற்காக அவனிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொள்வதா என்று பேசாமல் இருந்தேன். பத்தாம் நாள் போய்விட்டான்.

கருப்பு வண்டி வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமல் அண்ணனே என்னை அழைத்தான். "தம்பி, நீ மொதல்ல தொடுப்பா" என்றான். அதுவரை அவன் என்னை ஏலே என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறான். நான் கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் உதைத்துக் கிளப்பினான். பள்ளிக்கூடம்வரை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். வேகமாகப் போகச் சொல்லி முதுகில் தட்டினேன். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். அவன் அதே நிதானத்தில் போனான், உடையும் பொருள் ஒன்றை எடுத்துப் போகிறவனைப் போல. வாசலில் இறக்கிவிட்டு என் புத்தகப் பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிவிட்டான். எல்லாப் பையன்களும் பார்த்தார்கள். அண்ணனுக்கு இப்போதுதான் என் அருமை தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தேன். அவன் என்னைக் கண்டு பயந்திருந்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.