கவிழ்த்து வைத்த மங்கு

என் கணவரின் முதுகில் ஒரு காயம் இருக்கிறது. இடது தோளுக்குக் கீழே தொடங்கி, சரிவாக இறங்கி, வலது விலாவில் முடிகிறது. இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் ஈப்போவின் சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வரட்டும். அந்தக் காயத்தைப் பார்க்கட்டும். பார்த்த பிறகும் கட்டுக்கதை என்று சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

அவர் பெயர் சூசைநாதன். வயது அறுபத்தொன்று. எங்கள் திருமணத்தின் முப்பதாவது ஆண்டுக்கு, லண்டனில் இருக்கும் மகள் கிளாரிசா ஒரு பரிசு கொடுத்திருந்தாள். கரீபியன் தீவு ஒன்றில், வயதில் மூத்தவர்களுக்கென்றே நடத்தப்படும் மலைநடைப் பயணம். எரிமலைச் சரிவு, அருவி, காட்டுப்பாதை என்று ஒரு வாரம். படங்களைப் பார்த்த நாளிலிருந்து இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஒரே ஒரு குறைம்மா," என்றாள் கிளாரிசா தொலைபேசியில். "அந்தத் தீவுல அனேகமா எல்லா நாளும் மழை பேயுமாம். ரெயின்கோட் மறந்துராதீங்க."

அதனால் சனிக்கிழமைதோறும் பயிற்சி. ஓய்வுபெற்ற ஆசிரியர் இராஜசிங்கம் அண்ணன்தான் எங்கள் நடைக்கூட்டத்துக்குத் தலைவர். ஈப்போவைச் சுற்றியிருக்கும் குன்றுகளில் பாதிக்கு மேல் அவருடன் ஏறிவிட்டோம். போன பிப்ரவரியில் என் கணவர்தான் ஆசைப்பட்டார். "சுங்கை சிப்புட்டுக்குப் பின்னால நான் பொறந்த தோட்டம் இருக்கு. இப்ப காடா கெடக்காம். அது வழியா ஏறினா ஒரு குன்று வரும். போலாமா அண்ணே?"

போனோம். அன்றைக்கு வந்தது நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்.

வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பினோம். சாலையோரம் காரை விட்டு உள்ளே நுழையும்போது மணி ஐந்தேகால். மூவர் நெற்றியிலும் விளக்கு. பத்தடிக்கு மேல் வெளிச்சம் போகவில்லை. காலடியில் காய்ந்த ரப்பர் இலைகள் நொறுங்கின. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகப் பால்மரங்கள். பாலுக்காகப் பட்டை சீவி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பழைய வெட்டுகள் எல்லாம் மூடி, பட்டை முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தது. சில மரங்களில் பால் பிடிக்கும் மங்குகள் இன்னும் கம்பியில் தொங்கின. எல்லாம் கவிழ்ந்திருந்தன.

"பாத்தியா பெட்," என்றார் இவர். பெட்ரீசியா என்ற என் பெயரை இவர் அப்படித்தான் சுருக்குவார். "எங்கம்மா பாலை எடுத்ததும் மங்கைத் தொடைச்சு இப்பிடித்தான் கவுத்து வெப்பாங்க. கவுத்திருந்தா மரத்துக்கு லீவு. காலையில வந்து நிமித்தி வெச்சா வேலை ஆரம்பம்."

"உங்களுக்கும் லீவு விட்டாத்தான் வாய் மூடும்," என்றேன்.

"கவனமா வாங்கோ ரெண்டு பேரும். சண்டையை மேல போய்ப் போடலாம்," என்றார் இராஜசிங்கம் அண்ணன் முன்னாலிருந்து.

ஒரு நிரையின் முதல் மரத்தருகே இவர் நின்றார். அந்த மரத்தின் மங்கு மட்டும் வேறு மாதிரி இருந்தது. தரையில், வேருக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி சுற்றி, வேரோடு சேர்த்து முறுக்கியிருந்தார்கள்.

"எந்த மடையன்லா மங்கைக் கட்டிப் போட்டது? ஓடியா போவும்?"

குனிந்து கம்பியைப் பிரித்தார். துருப்பிடித்த கம்பி கையோடு வந்துவிட்டது. மங்கை எடுத்து மண்ணைத் தட்டினார். மரத்தடியில் நிமிர்த்தி வைத்தார். பிறகு கைத்தடியின் முனையால் பட்டையில் சரிவாக ஒரு கோடு இழுத்தார்.

"மரத்தைத் தொறந்தாச்சு! இன்னிக்குப் பிரட்டுல ஆள் கணக்கு எடுக்கும்போது என் பேரையும் போடுங்க தொரை!"

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். கொசுவர்த்தி வாசனை வந்தது.

காட்டுக்குள் கொசுவர்த்தியா? நான் சொல்வதற்குள் இவரே மூக்கை உறிஞ்சினார். "பால்வெட்டுக்காரங்க இடுப்புல சுருளைக் கட்டிக்கிட்டுத்தான் வேலை செய்வாங்க. யாரோ வந்து திருட்டுப் பால் வெட்டுறாங்க போல."

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சரக்...

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், சரக்...

திரும்பிப் பார்த்தோம். நாங்கள் வந்த வழியில் ஒரு வெளிச்சம். மஞ்சளாக, சின்னதாக. ஒரு மரத்தின் முன் நின்றது. சரக். நகர்ந்தது. அடுத்த மரத்தின் முன் நின்றது. சரக்.

"யாரது?" என்று இராஜசிங்கம் அண்ணன் கத்தினார்.

வெளிச்சம் அடுத்த மரத்துக்கு வந்தது.

நான் பக்கத்து மரத்தைப் பார்த்தேன். அதன் மங்கு நிமிர்ந்திருந்தது. அதற்கு அடுத்ததும். அதற்கும் அடுத்ததும். வரும்போது எல்லாம் கவிழ்ந்திருந்தன. மூவரும் பார்த்தோம்.

"அண்ணே, கீழ எறங்கிடலாம். கார்கிட்டப் போயிடலாம்," என்றார் இவர். குரலில் விளையாட்டு இல்லை.

வெளிச்சம் வரும் நிரையை விட்டு விலகி, புதருக்குள் புகுந்து இறங்கினோம். முள் கையைக் கிழித்தது. ஓடினோம் என்றே சொல்லலாம். பின்னால் சரக்... சரக்... இப்போது வேகமாக. புதர் முடிந்து வெளியே வந்தபோது என் நெற்றி விளக்கு ஒரு மரத்தடியில் விழுந்தது.

அந்த முதல் மரம். அந்த மங்கு.

எங்கள் மூன்று விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.

"பெட்..." என்றார் இவர்.

ஏதோ அவரை என் கையிலிருந்து பிடுங்கியது. மரத்தில் அவர் மோதிய சத்தம் கேட்டது. எலும்பு மோதும் சத்தம். அந்த மஞ்சள் வெளிச்சம் அவர் முதுகின் மேல் வந்து நின்றது.

வெளிச்சத்தை ஏந்திய ஆள் இல்லை.

அவருடைய இரண்டு கைகளும் மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தன. விரல்கள் பின்னுக்கு வளைந்து, யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல. முகம் பட்டையில் நசுங்கியிருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. சட்டை தானாகக் கிழிந்தது.

இராஜசிங்கம் அண்ணன் பாய்ந்தார். ஒரே அடி. அவர் வாயிலிருந்து பல் தெறித்ததைப் பார்த்தேன். உருண்டு போய்ப் புதரில் விழுந்தார்.

சரக்...

என் கணவர் அலறினார். முப்பது வருடத்தில் அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை.

இடது தோளிலிருந்து வலது விலாவரை தோல் சுருண்டு சுருண்டு வந்தது. மரப்பட்டை சீவினால் வருமே, அதே மாதிரி.

கீழே விழுந்தது.

அந்த வெட்டின் வழியே ரத்தம் ஓடியது. விலாவிலிருந்து சொட்டியது. சொட்டிய இடத்தில் மங்கு இருந்தது.

டொக்.

டொக்.

அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கையில் கிடைத்த கல்லால் வெளிச்சத்தை அடித்தேன். கல் காற்றில் போனது. என் முடியைப் பிடித்து ஏதோ பின்னால் இழுத்தது. கொத்தாக வந்துவிட்டது. இரண்டாவது முறை கத்தி சீவியது. அவர் அலறவில்லை. முனகினார்.

"யேசுவே..." என்றேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

டொக். டொக். டொக்.

மங்கு பாதி நிறைந்திருந்தது.

கவுத்திருந்தா மரத்துக்கு லீவு...

தவழ்ந்தேன். என் முதுகை ஏதோ மிதித்தது. விலா எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. கையை நீட்டினேன். மங்கு சூடாக இருந்தது.

கவிழ்த்தேன்.

வெளிச்சம் அணைந்தது. அவர் என் மேல் விழுந்தார்.

எங்கோ ஒரு காட்டுக்கோழி கூவியது. மணி ஆறு ஐம்பது.

வாயெல்லாம் ரத்தமாக இராஜசிங்கம் அண்ணன்தான் காரை ஓட்டினார். ஈப்போ மருத்துவமனையில் இவர் உயிர் இரண்டு நாள் ஊசலாடியது. வழிப்பறிக்காரர்கள் பாராங் கத்தியால் வெட்டியிருக்கிறார்கள் என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள். மருத்துவர் மட்டும் என்னைத் தனியாக அழைத்தார். தோல் மட்டும், ஒரே அளவாக, சீவி எடுக்கப்பட்டிருக்கிறது என்றார். தசையில் கத்தி படவே இல்லையாம். தேர்ந்த கை என்றார்.

மூன்றாம் நாள் நவமணி அக்கா பார்க்க வந்தார். இவருடைய பெரியப்பா மகள். இவர் குடும்பம் தோட்டத்தை விட்டு வந்த பிறகும் பல வருடம் அங்கேயே பால்வெட்டியவர். போர்வையை விலக்கிக் கட்டைப் பார்த்தார். எந்த இடம் என்று கேட்டார். நான் மரத்தைச் சொன்னேன், மங்கைச் சொன்னேன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அது பத்துமலைங்கற பால்வெட்டுக்காரனோட நிரை," என்றார். "பொண்டாட்டி மேல சந்தேகம் அவனுக்கு. ஒருநாள் விடியக்காலையில நல்லம்மாளை அந்த மொத மரத்துல கட்டி வெச்சு, மரம் சீவுற மாதிரியே சீவிட்டான். கீழ மங்கை வெச்சு. ஆனா அதுகூட இல்ல பெட்ரீசியா, எங்களுக்கெல்லாம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. அவளை அங்கியே விட்டுட்டு, மிச்ச மரத்தையெல்லாம் ஒண்ணு விடாம வெட்டி முடிச்சிருக்கான். பாலைக் கொண்டாந்து நிறுக்கிற எடத்துல வெச்சிட்டு, எங்ககூட வரிசையில நின்னான். வாளியைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சோம். பால் வெள்ளையா இல்ல."

அவனைத் தூக்கில் போட்டார்கள். ஆனாலும் அடுத்த மாதமே அந்த நிரையில் காலையில் மங்குகள் நிமிர்ந்திருந்தனவாம். ஆட்கள் மங்கைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டிய பிறகுதான் நின்றதாம்.

அக்கா போகும்போது வாசலில் நின்று என்னிடம் ஒன்று கேட்டார். "நீ அதைக் கவுத்த, சரி. கட்டுனியா?"

நான் கட்டவில்லை.

இவரை வீட்டுக்குக் கூட்டி வந்து ஏழு மாதம் ஆகிறது. காயம் ஆறிவிடுகிறது. நன்றாகவே ஆறுகிறது. பிறகு விடியற்காலையில் திறக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள். பால்மரத்துக்கும் அதே முறைதான். ஒவ்வொரு முறையும் புதுவெட்டு பழைய வெட்டுக்கு ஒரு நூல் கீழே விழுகிறது. இவர் வெளுத்துக்கொண்டே வருகிறார். எத்தனை பை ரத்தம் ஏற்றினாலும் போதவில்லை.

ஆனால் மழை பெய்த நாட்களில் மட்டும் திறப்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆனது. மழையில் யாரும் பால் வெட்டமாட்டார்கள்.

கிளாரிசாவிடம் சொல்லிவிட்டேன், நாங்கள் அந்தத் தீவுக்குப் போகிறோம் என்று. மலையேற அல்ல. அவள் குறை என்று சொன்னாளே, அதற்காக. "மழை நல்லா பேயும்தானே பெட்?" என்று இவர் தினமும் கேட்கிறார். வெள்ளிக்கிழமை விமானம்.

இன்று மாலை அவருடைய மலைநடைப் பையை எடுத்தேன். அன்றைக்குப் பிறகு யாரும் தொடாத பை. ரெயின்கோட்டை வைக்கலாம் என்று திறந்தேன்.

கொசுவர்த்தி வாசனை.

பையின் அடியில், அந்த மங்கு. நிமிர்ந்து இருந்தது.

எடுத்துக் கவிழ்த்தேன். வீட்டிலிருந்த கம்பியெல்லாம் போட்டு முறுக்கினேன். விரல் கிழிய முறுக்கினேன். சமையலறை மேசையில் வைத்து, எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கம்பி பிரிந்து மேசையில் கிடக்கிறது. மங்கு நிமிர்ந்திருக்கிறது.

நாளை வெட்டு நாள். வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.