தங்கச்சியின் பல்லு வைத்த கத்தி

இன்று காலை நானும் தங்கை சாந்தியும் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து கோலசிலாங்கூருக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம்.

வழியில், சாலையோர வேலியில் சிக்கிய நைலான் கயிறு கழுத்தை இறுக்க, ஒரு கன்றுக்குட்டி துடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார்.

கண்டக்டர் தன் மடக்குக் கத்தியோடு ஓடினார். ஈரக் கயிற்றில் அது வழுக்கிக்கொண்டே போனது. கன்றின் நாக்கு வெளியே தள்ளிவிட்டது.

"கொஞ்சம் தள்ளுங்கண்ணே," என்று பின்னாலேயே இறங்கிப் போன சாந்தி குனிந்தாள்.

அவள் பையிலிருந்து எடுத்த கத்தி, நுனிப்பக்கம் சாதாரணக் கத்தி; பிடிப்பக்கம் ரம்பம் போலப் பல். "ரெண்டுங்கெட்டான் கத்திலா இது," என்று கிண்டல் செய்தவன் நான்தான்.

விறைத்து நின்ற கயிற்றில் பல்லை வைத்து நாலே இழுப்பு. கயிறு அறுந்தது. கன்று எழுந்து தாயிடம் ஓடியது.

"என் தங்கச்சி," என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் அவர் கேட்காமலே சொன்னேன்.

கண்டக்டர் கத்தியை வாங்கிப் பார்த்தார். "இந்தப் பல்ல எப்படிம்மா தீட்டுவ?"

"வீட்டுக் கல்லுல தீட்ட முடியாதுண்ணே. கொய்யாக்கா நறுக்குனா பிய்ச்சுப்புடும். கயிறுன்னா விடாது."

எனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் யாராவது சிபாரிசு செய்யுங்களேன்.