மொட்டை மாடி பிராஞ்ச் ஆபீஸ்

வீட்டில் இருந்தபடியே படம் வரைந்து பிழைக்கலாம் என்று எவனோ ஒரு புண்ணியவான் யூடியூப்பில் சொன்னான். அவன் புதுச்சேரிப் பக்கம் உறுவையாற்றில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வாரம் இருந்து பார்த்திருந்தால் அந்த வீடியோவை அவனே அழித்திருப்பான்.

எங்கள் தெருவில் வீட்டில் இருக்கிறவள் என்றால் சும்மா இருக்கிறவள். நான் சும்மா இருந்தது ஊருக்கே வசதியாகப் போய்விட்டது. யார் வீட்டு கேஸ் சிலிண்டர் வந்தாலும் நான்தான் வாங்கி வைக்க வேண்டும். தூறல் போட்டால் நாலு வீட்டுத் துணியை நான்தான் எடுக்க வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் போய் பிறப்புச் சான்றிதழ் கேட்க, வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக, போனில் கரண்ட் பில் கட்ட, எல்லாவற்றுக்கும் நான். ஆன்லைனில் சாமான் வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டு விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். கொரியர்காரர் ரொம்ப நாளாக எங்கள் வீட்டைக் கடை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னிடமே, "குக்கர் கேஸ்கெட் இருக்குமாக்கா?" என்று கேட்டார்.

வரைகிற வேலையும் வராமல் இல்லை. காதுகுத்து பேனர், கல்யாணப் பத்திரிகை, அப்புறம் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டு. எங்கள் தெருவில் சயன்ஸ் குரூப் எடுத்த அத்தனை பேரின் தவளையும் என் கையால் வரைந்ததுதான். ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சர், "எல்லார் தவளையும் ஒரே மாதிரி சிரிக்குதே, எப்படி?" என்று கேட்டாராம். இதுதான் என் தொழில் வளர்ந்த லட்சணம்.

அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒரு பதிப்பகம் என்னைத் தேடி வந்தது. இன்ஸ்டாவில் நான் போட்டிருந்த ஆட்டுப் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் தெரியாமல் ஏறிவிட்ட ஒரு ஆட்டின் கதை, சின்னப் பிள்ளைகளுக்கு. பதினாறு படம் வரைய வேண்டும். அட்டையில் என் பெயர் வரும். அதுவரை என் பெயர் எந்தக் காகிதத்திலும் வந்ததில்லை, ரேஷன் கார்டைத் தவிர.

அப்பா டவுன் பஸ் டிரைவர். விடிவதற்கு முன்பே காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரைப் பொறுத்தவரை வேலை என்றால் காலையில் வெளியே போக வேண்டும், சாயங்காலம் அலுத்துப்போய்த் திரும்பி வர வேண்டும். புத்தகம் வந்த விஷயத்தைச் சொன்னபோது கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "இத ஒழுங்கா முடிச்சிக் குடுத்தா சரி, வரைஞ்சிக்கினே இரு. இல்லன்னா எதிர்வூட்டு மருமவ கம்பெனில பேக்கிங் செக்‌ஷனுக்கு ஆள் எடுக்குறாங்க. சொல்லி வெச்சிருக்கேன்."

சொல்லியே வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேக்கிங் செக்‌ஷனில் என்னை உட்கார வைத்தால் அட்டைப்பெட்டி மேலெல்லாம் ஆடு வரைந்து வைத்து மூன்றாம் நாளே துரத்திவிடுவார்கள் என்று கத்தினேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

முதல் மாதத்தில் மூன்று படம்தான் முடிந்தது. பெங்களூர் மேடம் வீடியோ காலில் வந்தார். எப்படியெல்லாம் ஆட்டுக்கு வெள்ளாட்டுத் தாடி வைக்கப்போகிறேன் என்று நான் இங்கிலீஷில் அளந்துகொண்டிருந்தபோது, எதிர் வீட்டுச் சித்தி விறுவிறுவென்று உள்ளே வந்தாள். சொந்தம் ஒன்றும் கிடையாது, கூப்பிடுகிற முறைதான். வந்தவள் தன் போனை என் முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவில் நீட்டி, "ஏய், இதுல இன்னா நம்பர் வந்திருக்குன்னு படி. பார்சல் ஆளு வாசல்ல நிக்கிறான்," என்றாள். மேடம் பார்த்தது என் ஆட்டை இல்லை, சித்தியின் உள்ளங்கையை. அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் பதினாறும் வந்துவிட வேண்டும், முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு ஆள் இருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் வாசலில் நின்றபோது எதிர் வீட்டு மருமகள் வேலைக்குக் கிளம்பினாள். கழுத்தில் நீல நாடாவில் ஒரு ஐடி கார்டு. சித்தி அவளிடம் சிலிண்டர் பற்றியோ துணி பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்து, "பாத்துப் போ," என்றாள். அவ்வளவுதான். இத்தனைக்கும் அவள் இதே தெருவில் பிறந்தவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், அவள் ரெக்கார்டு நோட்டில் தவளைகூட நான்தான் வரைந்து கொடுத்தேன். எல்லாம் கழுத்தில் தொங்குகிற அந்த டேக் செய்கிற வேலை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மத்தியானமே எனக்கு நானே ஒரு ஐடி கார்டு செய்துவிட்டேன். போட்டோ, ரத்த வகை எல்லாம் போட்டு, கம்பெனி முத்திரை வருகிற இடத்தில் ஆட்டை வைத்தேன். பதவி: சீனியர் இல்லஸ்ட்ரேட்டர். ஜூனியர் யாரும் கிடையாது என்பது வேறு விஷயம். வில்லியனூர் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு, நீல நாடாவும் வாங்கி மாட்டினேன்.

எங்கள் வீட்டு மாடியில் தகர ஷீட் போட்ட ஒரு அறை உண்டு. கிறிஸ்துமஸ் ஸ்டாரும் குடில் பொம்மைப் பெட்டியும் பாதி மூட்டை சிமெண்டும் அதில்தான் கிடக்கும். மாடிப்படி வெளிப்பக்கம், கொல்லையிலிருந்து ஏறும். திங்கட்கிழமை எட்டரைக்குக் குளித்து, நல்ல சுடிதார் போட்டு, டேக்கை மாட்டிக்கொண்டு, முன் கேட் வழியாக வெளியே போனேன். தெருமுனை வரை நடந்து, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, கரும்புக் கொல்லை ஓரமாகச் சுற்றி, பின் கேட் வழியாக நுழைந்து மாடி ஏறினேன். மொத்தம் பத்து நிமிஷம். போகிற வழியில் நாலு பேர், "வேலைக்கா?" என்றார்கள். "ஆமா," என்றேன். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் முன்னாடியே சட்டதிட்டம் சொல்லியிருந்தேன். "எட்டரையிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் நான் வூட்ல கிடையாது. தலையே போனாலும் கூப்புடக் கூடாது. யாரனா கேட்டா ஆபீஸ் போயிருக்கான்னு சொல்லு."

"எதனா கேட்டா சொல்லிக்கிறேன், நீ போ," என்றாள் அம்மா. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அப்பாவின் டிபன் பாக்ஸ் பக்கத்தில் எனக்கும் ஒன்று வைத்தாள். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். சமையலறைக்கு நேர் மேலேதான் என் ஆபீஸ். பன்னிரண்டரைக்குக் கீழே மீன் குழம்பு கொதிக்கும், வாசனை ஜன்னல் வழியாக மேலே வந்து என்னை நலம் விசாரிக்கும். நான் ஆபீஸ் போனவள் ஆயிற்றே, ஆறிப்போன எலுமிச்சை சாதத்தைத் தின்றுகொண்டிருப்பேன்.

ஒரே வாரத்தில் குட்டு உடைந்தது. எதிர் வீட்டுச் சித்தி தன் மாடியில் துணி காயப்போட வந்தவள், நேர் எதிரே ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டாள். டேக்கைப் பார்த்தாள். அறையைப் பார்த்தாள்.

"இன்னாடி, ஆபீஸ் இங்கயா?"

"ஆமா சித்தி. பிராஞ்ச் ஆபீஸ்," என்றேன். வேறு என்ன சொல்வது?

சித்தி கையிலிருந்த ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "எத்தினி மணிக்கு வுடுவாங்க?"

"அஞ்சரைக்கு."

"அப்ப அஞ்சரைக்கு வரேன். ஒரு பார்சல் திருப்பி அனுப்பணும்."

சொன்ன மாதிரி அஞ்சரைக்குத்தான் வந்தாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதே நான், அதே வீடு. பத்துப் பதினைந்து படி ஏறி, கழுத்தில் ஒரு நாடாவை மாட்டிக்கொண்டதும் தெருவே எனக்கு மரியாதை கொடுக்கிறது. கொரியர்காரர் வந்தால் அம்மா வாசலில் நின்று, "பொண்ணு ஆபீஸ் போயிருக்கு," என்பாள், நான் மேலே இருமுகிற சத்தம் அவருக்கும் கேட்கும். சாயங்காலம் நான் சுற்றிக்கொண்டு முன் கேட் வழியாக வந்தால் டீ போட்டுக் கொடுத்து, "இன்னிக்கு ஆபீஸ்ல இன்னா ஆச்சி? அந்த மேடம் எதனா சொன்னாங்களா?" என்று விசாரிப்பாள். படங்கள் மளமளவென்று முடிந்தன.

கடைசி வாரம். இரண்டே படம் பாக்கி. காலையிலிருந்து விட்டு விட்டு மழை. தகர ஷீட்டில் விழுகிற சத்தம் காதைப் பிளந்தது என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஆட்டை உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்குத் தண்ணீர் பாட்டில் காலி. நிரப்பிக்கொண்டு வரலாம் என்று கீழே இறங்கினேன்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு. மடியில் நனைந்த துணி. இடது காலை நீட்டியிருந்தாள், கணுக்கால் வீங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? லஞ்ச் டைமா?" என்றாள்.

மழைக்குத் துணி எடுக்க ஓடியிருக்கிறாள், பாசியில் வழுக்கிவிட்டது. எப்போது என்று கேட்டேன். பதினொன்றரை இருக்கும் என்றாள். ஒன்றரை மணி நேரம். மாடிப்படிக்கும் அவளுக்கும் பத்தடி கூட இல்லை.

"ஏம்மா கூப்புடல?" என்று கத்தினேன்.

"ஆபீஸ் டைம்ல கூப்புடக் கூடாதுன்னு நீதானடி சொன்ன."

"யாரும்மா கேக்கப் போறாங்க? நாந்தானம்மா ஆபீஸு."

"அது உனக்கு," என்றாள் அம்மா. "எனக்கு இன்னா தெரியும்? கடைசி வாரம்னு சொன்ன. நடுவுல எழுந்து வந்தா அந்த மேடம் எதனா சொல்லிட்டா? தெனம் காலைல நான் ஆபீஸ் போற பொண்ணத்தான் அனுப்பி வெக்கிறேன்."

எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது, அவள்மேல் கோபமாகவும் இருந்தது. தெருவை ஏமாற்ற நான் போட்ட வேஷத்தை அம்மா வேஷம் என்றே நினைக்கவில்லை. டேக்கைக் கழற்றித் துணி ஊறிக்கொண்டிருந்த பக்கெட்டில் வீசிவிட்டு ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது என்று மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, மேடத்துக்கு மெசேஜ் அடித்தேன்: முடியாது, மன்னியுங்கள், மீதியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அனுப்புவதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கால் ஒடைஞ்சது எனக்கா உனக்கா? உன் கையி நல்லாத்தானே இருக்கு?"

மறுநாள் ஆபீஸ் கீழே இறங்கியது. லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அம்மா வாசலுக்கு நேராகப் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்லி, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தியிடம் சொல்லிப் பக்கெட்டிலிருந்து டேக்கை எடுத்துக் காய வைத்திருக்கிறாள் போல. அதை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். என் போட்டோ, என் ரத்த வகை, சீனியர் இல்லஸ்ட்ரேட்டர். வருகிறவர்கள் எல்லாரையும் படியிலேயே நிறுத்தி, "ஆபீஸ் நடக்குது, அஞ்சரைக்கு வாங்க," என்றாள். தெருவின் பார்சல் அத்தனையையும் அவளே வாங்கி வைத்தாள். சித்தி ஒரு மணிக்குக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வாசலில் நின்று, "இப்ப உள்ள வரலாமா, லஞ்ச் டைம்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள்.

அப்பா முதல் தடவையாக என் திரையைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கியர் லிவர் எங்க? உன் டிரைவர் எத மாத்தி ஓட்டுவான்?" என்றார். பதினைந்து படத்தில் பஸ் வந்திருக்கிறது, ஒன்றில்கூடக் கியர் இல்லை. நான் போட்டுக் காட்டினேன். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றார். பேக்கிங் செக்‌ஷன் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.

சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னால் பதினாறையும் அனுப்பினேன். கட்டுப் பிரித்து அம்மா நடக்க ஆரம்பித்ததும் ஆபீஸ் மறுபடி மாடிக்கு ஏறியது. டேக்கை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இந்த முறை வேறு சட்டம் போட்டேன்: எதுவானாலும் கூப்பிட வேண்டும், எந்த நேரமானாலும். சரி சரி என்று தலையாட்டினாள். ஆனால் ஒருநாளும் கூப்பிடவில்லை. மோட்டார் கெட்டுப்போனது, பாம்பு வந்தது, எல்லாம் அஞ்சரைக்கு மேல்தான் எனக்குத் தெரியவந்தது.

கோடை தொடங்கியிருந்தது. இரண்டாவது புத்தகத்துக்கு ஒரு நண்டைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். கீழே கொரியர்காரர் வண்டிச் சத்தம் கேட்டது. அவர் யாருடைய பெயரையோ படித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பார்சல்களிலேயே முதல் தடவையாக அது என் பெயர். அட்டை கிழிபடுகிற சத்தம்.

அப்புறம் அம்மா கூப்பிட்டாள். கால் ஒடிந்து மழையில் ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள், வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிப் போட்ட கூப்பாட்டில் சித்தி வீட்டுக் கதவு திறந்தது, பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் புத்தகத்தை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அட்டையில் ஆடு, அதற்குக் கீழே நான்.

என் வாய் சும்மா இருக்குமா? "அம்மா, மணி பதினொண்ணுதான் ஆவுது. ஆபீஸ் டைம்," என்றேன்.

"ஆபீசாவது மண்ணாங்கட்டியாவது," என்றாள் அம்மா. "எறங்கி வாடி."